அப்படியானால், அதன் விவரம் என்ன?

மக்களவை கூடும் நாட்களில் காலை பதினொரு மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கும். தொலைக்காட்சியில் மக்கள் பார்ப்பது அதைத்தான். அன்றைய பட்டியலில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் இருபது இருக்கும்; பச்சைத் தாளில் அச்சாகி வரும். ஒரு மணி நேரத்தில் நாலைந்து கேள்விகளுக்குத்தான் அமைச்சர்கள் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல முடியும். அமளி என்றால் அதுவும் நடக்காது. அதே நாளுக்கு வெள்ளைத் தாளில் இன்னொரு பட்டியல் உண்டு. நட்சத்திரக் குறி இல்லாத 230 கேள்விகள். அவற்றுக்கு யாரும் எழுந்து பதில் சொல்வதில்லை. பதில் எழுத்தில் வரும், அவையில் வைக்கப்படும். அவை கூச்சலில் முடங்கி ஒத்திவைக்கப்பட்டாலும் அந்தப் பதில்கள் வந்துவிடும்.

என் உழைப்பில் பெரும்பகுதி அந்த வெள்ளைத் தாளில்தான் போயிருக்கிறது. தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு உதவியாளராக இருந்து, டெல்லி சவுத் அவென்யூ வீடுகளின் முன்னறையில் உட்கார்ந்து கேள்வி எழுதுவது என் தொழில். பேச்சு எழுதித் தருவதைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன். அவையில் ஓர் எம்.பி. ஆவேசமாகப் பேசினால் அமைச்சர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போகலாம். எழுத்தில் ஒரு கேள்வி அனுமதிக்கப்பட்டுவிட்டால் அப்படிப் போக முடியாது. ஏதோ ஒரு பவனின் ஏதோ ஒரு பிரிவில் ஓர் அதிகாரி அந்தக் கோப்பைத் திறந்தாக வேண்டும். மாநிலங்களுக்கு மின்னஞ்சல் போகும், எண்கள் கேட்கப்படும், வரைவு படிப்படியாக மேலே ஏறி அமைச்சரின் ஒப்புதலோடு திரும்பும். குறித்த நாளில் அரசு ஒரு வாக்கியத்தைத் தன் பெயரில் பதிவு செய்தாக வேண்டும். பதில் மழுப்பலாகவே இருந்தாலும் அது பதிவு. அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்கலாம். அந்த அடுத்த கேள்விதான் இந்தத் தொழில் முழுவதும் என்று சொல்வேன்.

கேள்விக்கு விதிகள் கடுமை. குறைந்தது பதினைந்து முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டும். 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. வாதம், ஊகம், எள்ளல், குற்றச்சாட்டு எதுவும் இருக்கக் கூடாது. 'இப்படி நடந்தால் அரசு என்ன செய்யும்' என்று கற்பனையாகக் கேட்க முடியாது. அமைச்சரின் கருத்தைக் கேட்க முடியாது. நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்தைத் தொட முடியாது. மத்திய அரசின் பொறுப்பில் இல்லாததைக் கேட்டால் அனுமதியே கிடைக்காது. ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டதைத் திரும்பக் கேட்டாலும் அப்படித்தான். மக்களவை நடைமுறை விதிகளில் 41-ஆம் விதி இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே அந்தப் பக்கத்தைத்தான் படிக்கக் கொடுப்பேன். நோட்டீஸ்கள் குலுக்கலுக்குப் போகும். முன்னுரிமையை அதுதான் தீர்மானிக்கும். அமைச்சகங்கள் ஐந்து குழுவாகப் பிரிக்கப்பட்டு, வாரத்தில் ஆளுக்கொரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கும். எந்த அமைச்சகத்துக்கு எந்தக் கிழமை என்ற அட்டவணை என் மேசைக்கு எதிரே சுவரில் எப்போதும் ஒட்டியிருக்கும்.

ஒரு கேள்வி எப்படி உருவாகிறது என்பதைச் சொன்னால்தான் இது புரியும். மீனவர் விவகாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கத்து எம்.பி. யாருக்கு வேலை பார்த்தாலும் இது வராத கூட்டத்தொடர் இல்லை. இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைப் பிடித்துச் செல்கிறது. ஊரே கொதிக்கிறது. எம்.பி. ஐயா அழைத்து, "ஏம்மா, நல்லா சூடா ஒரு கேள்வி போடு" என்பார். புதியவர் எழுதினால் இப்படி எழுதுவார்: 'தமிழக மீனவர்கள் தொடர்ந்து கைது செய்யப்படுவதை அரசு அறியுமா, அறியுமானால் அவர்களைக் காக்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன?' கேள்வி அனுமதிக்கப்படும். பதிலும் வரும். மீனவர்களின் பாதுகாப்புக்கும் நலனுக்கும் அரசு மிக உயர்ந்த முன்னுரிமை தருகிறது. தூதரக வழிகளில் இலங்கை அரசிடம் எடுத்துச் சொல்லப்பட்டுள்ளது. 2016-இல் அமைந்த கூட்டுப் பணிக்குழு இதைப் பேசிவருகிறது. இந்த மூன்று வாக்கியங்களும் ஏறக்குறைய மாறாமல் வருடா வருடம் வரும். கேள்வி அகலமாக இருந்தால் பதிலும் அகலமாகத்தான் இருக்கும்.

ஒருமுறை கோட்டைப்பட்டினத்துப் பக்கமிருந்து ஒரு படகுக்காரர் ஐயாவைப் பார்க்க டெல்லிக்கே வந்திருந்தார். ஆட்களெல்லாம் விடுதலையாகி வந்துவிட்டார்கள். அவருடைய விசைப்படகு மட்டும் அங்கேயே நின்றது. வட்டிக்கு வாங்கிக் கட்டிய படகு. "ஆளைப் பத்திதான் எல்லாரும் கேக்குறீங்க. படகைப் பத்தி ஒருத்தரும் கேக்கலையே, அதுதானேம்மா எங்க சோறு" என்றார். அன்று மாலை எழுதிய கேள்வியில் 'பாதுகாப்பு', 'நலன்' என்ற பேச்சே இல்லை. கடந்த ஐந்தாண்டுகளில் பிடிபட்ட இந்தியப் படகுகள் எத்தனை, ஆண்டுவாரியாக. அவற்றில் திரும்பி வந்தவை எத்தனை. இலங்கை நீதிமன்றங்களால் அரசுடைமை ஆக்கப்பட்டவை எத்தனை. இன்னும் துறைமுகங்களில் நிற்பவை எத்தனை. அவற்றைப் பார்வையிட இந்தியத் தரப்பிலிருந்து யாராவது போனார்களா, போனார்களென்றால் எந்தத் தேதிகளில். அவ்வளவுதான், ஐந்து உட்பிரிவுகள்.

வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் குறித்த சட்டத்தை இலங்கை 2018-இல் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. அதன்பின் ஆட்களை விடுவித்துப் படகைப் பிடித்துவைப்பது வழக்கமாகிவிட்டது. 2022 பிப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, தலைமன்னார் போன்ற இடங்களில் நம் படகுகள் ஏலத்துக்கே வந்தன. ஆட்கள் திரும்பிவிட்டார்கள் என்ற ஒரு வரிப் பதிலில் இதெல்லாம் தெரியாது. படகு எண்ணிக்கை தனிப் பத்தியாக வந்தால்தான் தெரியும். எண் வந்துவிட்டால் மீனவர் சங்கம் அதை வைத்து மாநில அரசிடம் நிவாரணம் கேட்கலாம், வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வைக்கலாம், செய்தியாளர் எழுதலாம்.

இப்படி எழுதத் தெரிவது பாதிதான். வந்த பதிலை வாசிக்கத் தெரிவது மறுபாதி.

பதில் எழுதும் அதிகாரிகளை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன். கேள்வியின் ஒவ்வொரு உட்பிரிவையும் எடைபோட்டு, அதற்கு மேல் ஒரு சொல்கூடத் தராமல் எழுதுவது அவர்கள் திறமை. ஒரு வழி, (அ) முதல் (உ) வரை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பத்தியில் பதில் சொல்வது. அதில் (இ)-க்குப் பதில் விடுபட்டிருக்கும். விரலை வைத்துப் படித்தால்தான் கண்ணில் படும். இன்னொரு வழி, 'காவலும் பொது ஒழுங்கும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பொருள்கள்' என்று தொடங்குவது. மூன்றாவது, 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்.' நான்காவது எல்லாவற்றிலும் கொடியது. முதல் உட்பிரிவுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் 'மேற்கண்டதைக் கருதி இக்கேள்வி எழவில்லை' என்று முடித்துவிடுவது.

2020 செப்டம்பர் கூட்டத்தொடரை இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் மறக்க மாட்டோம். பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே நிறுத்திவிட்டார்கள். எழுத்து வினாக்கள் மட்டும் அனுமதிக்கப்பட்டன. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்று தொழிலாளர் அமைச்சகத்திடம் மக்களவையில் கேட்டிருந்தார்கள். செப்டம்பர் 14 அன்று பதில் வந்தது: அத்தகைய தரவு எதுவும் பராமரிக்கப்படுவதில்லை. இழப்பீட்டைப் பற்றி? மேற்கண்டதைக் கருதி அக்கேள்வி எழவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள் என்று கணக்கு வைத்திருந்த அரசு, இறந்தவர்களின் கணக்கு இல்லை என்றது. அந்தத் தாளைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஆனால் அதே வாரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாநிலங்களவையில் டெரெக் ஓ பிரையன் கேட்ட கேள்விக்கு ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் பதில் தந்தார். ஊர் திரும்பும் தொழிலாளர்களுக்காக விடப்பட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்தார்கள். அவர்களில் 87 உடல்களை மாநிலக் காவல்துறை பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பியது; 51 அறிக்கைகள் கிடைத்துள்ளன. இவ்வளவு துல்லியமான எண்கள் ஒரே அரசிடம் இருந்தன. தொழிலாளர் அமைச்சகத்திடம் பொதுவாகக் கேட்டபோது கிடைக்கவில்லை. ரயிலைப் பற்றி ரயில்வேயிடம் கேட்டபோது கிடைத்தது. ரயிலில் ஒருவர் இறந்தால் ரயில்வே காவல்துறை குறிப்பு எழுதியாக வேண்டும், உடலை இறக்கிய நிலையத்தில் பதிவேடு இருக்கும். எங்கே பதிவேடு இருக்கிறதோ அங்கே போய்க் கேட்க வேண்டும். கேள்வி எழுதுவதற்கு முன், இந்தத் தகவல் எந்த மேசையில், எந்தப் படிவத்தில், யார் கையெழுத்தோடு இருக்கும் என்று யோசிக்கச் சொல்லித்தான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அடுத்த ஆண்டு ஆக்சிஜன். 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் சுகாதார அமைச்சகம் தந்த பதில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் ஏற்பட்ட மரணங்கள் எதையும் மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்றது. சுகாதாரம் மாநிலப் பொருள், மாநிலங்கள் அனுப்புவதைத் தொகுப்பதே எங்கள் வேலை என்பது அதன் சாரம். மருத்துவமனை வாசல்களில் மூச்சுக்குத் தவித்தவர்களை நாடே பார்த்தது. அந்தப் பதிலில் 'குறிப்பாக' என்ற ஒரு சொல்தான் சுமை முழுவதையும் தாங்குகிறது. மாநிலங்கள் அனுப்பும் படிவத்தில் மரணத்துக்குக் காரணம் ஆக்சிஜன் பற்றாக்குறை என்று எழுத இடமே இல்லையென்றால் யார் எப்படித் தெரிவிப்பார்கள்? ஆகவே அடுத்த கேள்வி மரணங்களைப் பற்றியது அல்ல, படிவத்தைப் பற்றியது. மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிப் படிவத்தில் இதற்கென்று பத்தி இருந்ததா, எந்தத் தேதியில் மாநிலங்களிடம் கேட்கப்பட்டது, எவை பதில் அனுப்பின, எவை அனுப்பவில்லை. இப்படிக் கேட்டால் பந்து திரும்பவும் டெல்லிக்கே வரும்.

சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தவர்களின் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. 2021 பிப்ரவரியில் சமூக நீதி அமைச்சகம் மக்களவைக்குத் தந்த பதிலில், 2020 டிசம்பர் வரையிலான ஐந்தாண்டுகளில் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்தபோது 340 பேர் இறந்ததாகச் சொன்னது. உத்தரப் பிரதேசம் 52, தமிழ்நாடு 43, டெல்லி 36. அதே ஆண்டு ஜூலையில் அதே அமைச்சகம் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் தொழிலால் எந்த மரணமும் தெரிவிக்கப்படவில்லை என்றது. நாளிதழ்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் திகைத்தன. இரண்டுமே சட்டப்படி சரியான பதில்கள் என்பதுதான் விஷயம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம், உலர் கழிப்பிடத்திலும் திறந்த வடிகாலிலும் மலம் அள்ளுவதை ஒரு வகையாகவும், பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் இறங்குவதை 'ஆபத்தான சுத்திகரிப்பு' என்ற இன்னொரு வகையாகவும் வைத்திருக்கிறது. முதல் வகையின் பெயரைச் சொல்லி மரணத்தைக் கேட்டால் பூஜ்யம் வரும். இரண்டாவதைச் சொல்லிக் கேட்டால் 340 வரும். களத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு பொருட்டே இல்லை, செத்தவர் செத்தவர்தான். ஆனால் கேள்வி எழுதுபவர் சட்டத்தின் வரையறைப் பிரிவை முன்னால் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

அந்த 340-ஐ வாங்கிய பிறகும் வேலை முடியவில்லை. 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. ஆகவே நான் எழுதும் கேள்விகளில் மரண எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே மூன்று பத்திகள் கேட்பேன்: முழுத் தொகை பெற்ற குடும்பங்கள், குறைவாகப் பெற்றவை, எதுவுமே பெறாதவை. மாவட்டவாரியாகக் கேட்டால் 'மாவட்ட அளவில் பராமரிக்கப்படுவதில்லை' என்று கழன்றுகொள்வார்கள். மாநிலவாரியாகக் கேட்டால் இணைப்பு அட்டவணை வரும். அட்டவணை வந்ததும் சென்னையிலும் திருவள்ளூரிலும் இந்தக் குடும்பங்களோடு நிற்கும் அமைப்புகளுக்கு அனுப்பிவிடுவேன். கணக்கில் ஏறாத பெயர்களை அவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பட்டியலை வைத்து ஐயா அமைச்சருக்குக் கடிதம் எழுதுவார். சில குடும்பங்களுக்குப் பணம் வந்தது. அந்தத் தாய்மார்களில் ஒருவர்கூட நாடாளுமன்றத்தில் கேள்வி போட்டுத்தான் இது வந்தது என்று அறிந்திருக்க மாட்டார். அறிய வேண்டியதும் இல்லை.

ஒரே விஷயத்தைக் கூட்டத்தொடர் தோறும் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு மதுரை எய்ம்ஸ். 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது மதிப்பீடு 1,264 கோடி ரூபாய். 45 மாதங்களில், அதாவது 2022 செப்டம்பருக்குள் முடிய வேண்டும். 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச்சில்தான். மதிப்பீடு 1,977.80 கோடியாக உயர்ந்தது, அதில் 1,627.70 கோடி கடன். முதல் மாணவர்கள் ஐம்பது பேர் 2022-இல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்கள். முடிவு தேதி 2026 அக்டோபருக்குப் போனது. இந்தத் தேதிகளையும் தொகைகளையும் யாரும் மேடையில் வரிசையாகச் சொல்லவில்லை. தமிழக எம்.பி.க்கள் கட்சி வித்தியாசமில்லாமல் மாறி மாறிக் கேட்டதால் எழுத்துப் பதில்களில் துண்டு துண்டாக வந்தவை பல. 'பணி எப்போது முடியும்' என்று மட்டும் கேட்டால் 'முன்னுரிமை அடிப்படையில்' என்று வரும். ஒப்புதல் தேதி, கடன் ஒப்பந்தத் தேதி, ஒப்பந்தப்புள்ளி கோரிய தேதி, இதுவரை விடுவித்த தொகை, செலவான தொகை என்று பிரித்துக் கேட்டால், எந்தக் கட்டத்தில் எத்தனை மாதம் தூங்கியது என்று அவர்களே எழுதித் தந்துவிடுவார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரிய தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு பதிலிலும் சொன்ன முடிவு தேதியை வரிசையாகக் குறித்துவந்தோம். தேதி நகரும்போதெல்லாம் பழைய பதிலின் எண்ணையும் நாளையும் சொல்லி, 'அப்போது இவ்வாறு கூறப்பட்டதே, மாற்றத்துக்குக் காரணம் என்ன' என்று கேட்போம். சொன்னதையே திரும்பக் கேட்கக் கூடாது என்ற விதி அப்போது தடுக்காது, ஏனென்றால் கேட்பது மாற்றத்தைப் பற்றி.

ஒரு கேள்வியால் அரசே ஆடிப்போன காலமும் உண்டு. இந்த உரிமையே நமக்கு எளிதில் கிடைத்ததல்ல. 1892-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம் வரும்வரை அன்றைய சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் அதிகாரமே கிடையாது. வந்தபோதும் துணைக்கேள்வி கிடையாது. 1909-இல்தான் கேட்டவருக்கு மட்டும் அது அனுமதிக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு பத்தே ஆண்டில் அந்த உரிமை ஒரு நிதியமைச்சரைப் பதவியிறக்கியது. 1957 செப்டம்பரில் ராம் சுபக் சிங் என்ற உறுப்பினர், ஆளுங்கட்சிக்காரரே, கான்பூரைச் சேர்ந்த தனியார் நிறுவனம் ஒன்றில் எல்.ஐ.சி. பெருந்தொகை முதலீடு செய்ததா என்று கேட்டார். வந்த பதில் நேரானதாக இல்லை. நவம்பரில் கேள்வி மீண்டும் வந்தது. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி அந்த விவகாரத்தை அவையில் விரித்து வைத்தார். ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் எல்.ஐ.சி. 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருந்தது. நீதிபதி சக்லா ஒருநபர் ஆணையமாக இருந்து பகிரங்கமாக விசாரித்தார். சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகினார். முக்கியமான தகவல்களை அமைச்சர்கள் ஆரம்பத்திலேயே நாடாளுமன்றத்திடம் சொல்லிவிட வேண்டும், வேறு வழியில் தெரியவந்தால் சங்கடம்தான் என்று சக்லா தன் அறிக்கையில் எழுதினார். பெரோஸ் காந்தியின் பேச்சைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த முதல் கேள்வியும், அதற்கு வந்த நேரற்ற பதிலும், அதை விடாமல் நவம்பரில் திரும்பக் கேட்டதும்தான் முக்கியம்.

இவ்வளவு வலிமையுள்ள கருவி விலைக்கும் போயிருக்கிறது. 1951-இல் எச்.ஜி. முட்கல் என்ற உறுப்பினர், பம்பாய் தங்கம், வெள்ளி வியாபாரிகள் சங்கத்துக்காகப் பணம் பெற்றுக்கொண்டு கேள்வி கேட்ட விவகாரத்தில் பதவியிழந்தார். 2005 டிசம்பரில் ரகசியக் கேமராவில் சிக்கிய பதினொரு எம்.பி.க்களை இரண்டு அவைகளும் ஒரே நாளில் வெளியேற்றின. 2007-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்தக் கேமராச் செய்தி வந்த காலத்தில் சவுத் அவென்யூவில் எங்களைப் போன்றவர்களை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்த்ததில் நியாயம் இருக்கிறது. கேள்வியில் எம்.பி. கையெழுத்திடுகிறார், ஆனால் எழுதுவது பல நேரம் நாங்கள். நேர்த்தியாகத் தட்டச்சு செய்த கேள்விகளோடு வருகிறவர்கள் உண்டு. ஒரு குறிப்பிட்ட இறக்குமதிப் பொருளின் மீதான வரி பற்றி, ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கு வந்த உரிமம் பற்றி. அவற்றில் பொதுநலனும் இருக்கலாம். நான் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பதில் வந்தால் யாருக்குப் பயன், அவர் தன் பெயரை வெளியே சொல்லத் தயாரா? தயங்கினால் அந்தத் தாள் ஐயாவின் மேசைக்குப் போகாது. இதில் கொஞ்சம்கூடத் தளரக் கூடாது. ஒரே ஒரு விற்கப்பட்ட கேள்வி, மீதி நேர்மையான கேள்விகள் அத்தனையையும் சந்தேகத்துக்குரியதாக்கிவிடும்.

இன்னொரு சீரழிவு, எண்ணிக்கைப் பைத்தியம். அதிகக் கேள்வி கேட்ட எம்.பி. என்று பட்டியல் வருகிறது, பாராட்டு வருகிறது, தேர்தல் துண்டறிக்கையிலும் ஏறுகிறது. உடனே பழைய கேள்விகளை எடுத்து மாநிலப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் வழக்கம் வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளைப் பல உறுப்பினர்களின் பெயர்களோடு ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள்; எல்லோருடைய கணக்கிலும் ஒன்று ஏறும். எத்தனை கேட்டார் என்பதை நான் பார்ப்பதில்லை. ஒரு பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பத்துத் துறைகளில் நூறு கேள்வி கேட்டவரைவிட, ஒரே அணைக்கட்டைப் பற்றி ஏழு கேள்வி தொடர்ந்து கேட்டவர் என் கண்ணில் உயர்ந்தவர்.

'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்ற பதிலுக்கு வருகிறேன். பலர் இதைப் பார்த்ததும் சோர்ந்து தாளை மூடிவிடுகிறார்கள். எனக்கு இது நல்ல செய்தி. ஏனென்றால் அரசு அந்த வரியை எழுதிய கணமே அது ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது. பரிசீலனையில் உள்ளது, கவனிக்கப்படும் என்பன போன்ற தொடர்களும் அப்படியே. இவற்றைப் பொறுக்கியெடுத்துப் பின்தொடர மக்களவையில் அரசு வாக்குறுதிகள் குழு என்று ஒன்று 1953 டிசம்பர் முதல் இருக்கிறது. பதினைந்து உறுப்பினர்கள், அமைச்சர்கள் யாரும் இருக்க முடியாது. மூன்று மாதத்துக்குள் அமைச்சகம் நிறைவேற்றியாக வேண்டும். முடியாவிட்டால் நீட்டிப்பு கேட்டு அந்தக் குழுவிடம் போக வேண்டும். கைவிட விரும்பினாலும் குழுவின் சம்மதம் வேண்டும். அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. பதில் தவறு என்று தெரிந்தால் சபாநாயகருக்கு எழுதும் வழியும், அரைமணி நேர விவாதம் கேட்கும் வழியும் தனியாக இருக்கின்றன. ஆனால் பொறுமையாகப் பலன் தருவது இந்தக் குழுதான்.

எங்கள் கேள்வி ஒன்றுக்கு ஓர் அமைச்சகம் இப்படித்தான் 'திரட்டப்படுகிறது' என்று எழுதியது. நீட்டிப்பு மேல் நீட்டிப்பு வாங்கியது. கடைசியில், மாநிலங்கள் தகவல் தரவில்லை, ஆகவே இந்த வாக்குறுதியைக் கைவிட அனுமதியுங்கள் என்று குழுவிடம் கேட்டது. குழு எம்.பி.யின் கருத்தைக் கேட்டது. நான் பழைய பதில்களைத் தேடினேன். நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லாப் பதில்களும் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதே மாநிலங்கள் அதே தகவலை வேறோர் அமைச்சகத்துக்கு அனுப்பி, அது இணைப்பாக அவையில் வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பதிலின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு ஐயா குழுவுக்கு இரண்டு பத்தியில் கடிதம் எழுதினார். கைவிடுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. சில மாதங்கள் கழித்து அறிக்கை அவையில் வைக்கப்பட்டது: மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக, தொகையோடு. இரண்டு மாநிலங்களின் எண்கள் முந்தைய இணைப்போடு ஒத்துப்போகவில்லை. அடுத்த கூட்டத்தொடருக்கு அதிலிருந்து நான்கு கேள்விகள் எழுதினோம்.